நம்ம ஊர் கிராம சபையும் மகளோட பரீட்சைக் கேள்வியும்



நம் குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் வரும்போது இப்போதெல்லாம் ஒரு பேச்சு அடிக்கடி வருகிறது. சேமிப்பு, உள்கடன் எல்லாம் பேசி முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்து போட்ட பிறகு யாராவது ஒரு அக்கா சொல்கிறார்கள்: "எம் பொண்ணு டிகிரி முடிச்சிட்டு கவர்மென்ட் பரீட்சைக்குப் படிக்குதுங்க. எப்பப் பார்த்தாலும் பொது அறிவு புத்தகமும் கையுமா இருக்கு. அதுல என்ன இருக்குன்னு நமக்கு என்ன தெரியும்?" உடனே பக்கத்தில் இருப்பவர், "படிச்சது போதும், மாப்பிள்ளை பாரு" என்கிறார். பேச்சு அதோடு நின்றுவிடுகிறது.

ஒரு பெண் குழந்தையின் படிப்பு நிற்பதும் தொடர்வதும் பல வீடுகளில் இந்த ஒரு பேச்சில்தான் இருக்கிறது. அதனால் இந்த மாதப் பாடமாக, அந்தப் புத்தகத்திலிருந்தே ஒரு பகுதியை எடுத்துக்கொண்டோம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4, குரூப் 2, யு.பி.எஸ்.சி. என எல்லாத் தேர்வுக்கும் உரிய பகுதி இது: ஊராட்சி ஆட்சிமுறை. படித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும், இதில் பாதி நமக்கு ஏற்கனவே பழக்கமானது. பெயரும் வருடமும்தான் புதுசு.

1. ஊராட்சி எப்படி வந்தது?

பழைய காலத்திலிருந்து தொடங்குவோம். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. சுமார் 1,100 வருடத்துக்கு முன்னால் வெட்டியவை. ஓலையில் பெயர் எழுதி, குடத்தில் போட்டு, ஒரு சிறு பையனை விட்டு எடுக்கச் சொல்லி ஊர் வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். இதற்குக் குடவோலை முறை என்று பெயர். தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி இது.

ஆனால் அந்தக் கல்வெட்டு சொல்லும் தகுதிகளையும் பார்க்க வேண்டும். வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35 முதல் 70க்குள் இருக்க வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். அப்படியென்றால் கூலி வேலை செய்தவர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே இடம் இல்லை. ஊர் தன்னைத் தானே ஆண்டது என்பது பெருமைதான். ஊரில் யார் யார் சேர்த்தி என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

நாடு விடுதலை அடைந்த பிறகு, 1950 ஜனவரி 26ல் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 40வது பிரிவு, கிராம ஊராட்சிகளை அமைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சொல்கிறது. ஆனால் அது வழிகாட்டும் நெறி. அதாவது, செய்யாவிட்டால் கோர்ட்டுக்குப் போய் கேட்க முடியாது.

1957ல் பல்வந்த்ராய் மேத்தா குழு, மூன்று அடுக்கு ஊராட்சி வேண்டும் என்று பரிந்துரை செய்தது. 1959 அக்டோபர் 2ல் ராஜஸ்தான் மாநிலம் நாகௌரில் பிரதமர் நேரு பஞ்சாயத்து ராஜ் முறையைத் தொடங்கி வைத்தார். இருந்தாலும் பல மாநிலங்களில் தேர்தல் ஒழுங்காக நடக்கவில்லை. நினைத்தால் நடத்துவார்கள், இல்லாவிட்டால் தள்ளிப்போடுவார்கள்.

இதை மாற்றத்தான் 1992ல் 73வது அரசியலமைப்புத் திருத்தச் சட்டம் வந்தது. 1993 ஏப்ரல் 24 முதல் அது அமலானது. அந்த நாளைத்தான் 2010 முதல் தேசிய பஞ்சாயத்து ராஜ் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அதை ஒட்டி 1994ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996ல் முதல் தேர்தல் நடந்தது.

2. இந்தச் சட்டம் நமக்கு என்ன கொடுத்தது?

எண்களை மட்டும் மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். அர்த்தத்தோடு படித்தால் நிற்கும்.

பிரிவு 243ஏ: கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் உறுப்பினர்கள். 18 வயது முடிந்து பட்டியலில் பேர் சேர்த்திருந்தால் உங்கள் மகளும் உறுப்பினர். யாரும் நியமிக்க வேண்டியதில்லை, யாரும் நீக்கவும் முடியாது.

பிரிவு 243டி: இட ஒதுக்கீடு. மொத்த இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு மக்கள் தொகை விகிதப்படி. தமிழ்நாட்டில் 2016ல் சட்டம் திருத்தப்பட்டு பெண்களுக்கு 50 விழுக்காடு ஆனது.

பிரிவு 243ஈ: பதவிக் காலம் 5 வருடம்.

பிரிவு 243எஃப்: போட்டியிட வயது 21. ஓட்டுப் போட 18, நிற்க 21. இந்த இரண்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்கிறார்கள்.

பிரிவு 243ஐ: மாநில நிதி ஆணையம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அமைத்து, ஊராட்சிக்கு எவ்வளவு பணம் என்று பரிந்துரை செய்ய வேண்டும்.

பிரிவு 243கே: மாநிலத் தேர்தல் ஆணையம். உள்ளாட்சித் தேர்தலை இதுதான் நடத்தும். எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தலை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். இரண்டும் வேறு வேறு.

பதினோராவது அட்டவணை: ஊராட்சிகளிடம் ஒப்படைக்கக் கூடிய 29 பொருள்கள். குடிநீர், சாலை, விவசாயம், ஆரம்பக் கல்வி, ரேஷன் விநியோகம், பெண்கள் குழந்தைகள் மேம்பாடு, வறுமை ஒழிப்பு எல்லாம் அதில் இருக்கிறது. நாம் குழுக் கூட்டத்தில் பேசுகிற விஷயங்கள் எத்தனை அந்தப் பட்டியலில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

3. தேர்வில் மாட்டிவிடும் இடங்கள்

தமிழ்நாட்டில் மூன்று அடுக்கு: கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி. இதில் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் தலைவர் யார்? கிராம ஊராட்சித் தலைவர் மட்டும்தான். ஒன்றியத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் அந்தந்த உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சிச் சின்னம் எங்கே இல்லை? கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தலில் இல்லை.

ஒரு குழுவில் இந்தக் கேள்வியைக் கேட்டோம். பட்டப்படிப்பு முடித்த பெண் யோசித்துக்கொண்டிருந்தபோது, களை வெட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருந்த அவர் அம்மா, "தலைவருக்கு நாமதான் குத்தினோம். சேர்மனை கவுன்சிலருங்கல்ல எடுத்தாங்க" என்றார். சரியான பதில். மகள் புத்தகத்தில் தேடியதை அம்மா ஓட்டுச்சாவடியில் பார்த்திருக்கிறார்.

இன்னொன்று: எல்லா மாநிலத்திலும் மூன்று அடுக்கு கட்டாயமா? இல்லை. 20 லட்சத்துக்கு மேல் போகாத மக்கள் தொகை உள்ள மாநிலத்தில் நடு அடுக்கு இல்லாமலும் இருக்கலாம்.

4. சட்டத்தில் இருந்தால் போதுமா?

போதாது. இதைப் புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிடும், நாம் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டதை ஏற்காமல், 1996 முதல் 2006 வரை தேர்தலை முறையாக நடக்கவிடவில்லை. அதே மாவட்டம் மேலவளவில், ஒதுக்கீட்டில் ஜெயித்துத் தலைவரான முருகேசனும் அவரோடு 5 பேரும் 1997 ஜூன் 30ல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 243டி என்று படிக்கிற உரிமைக்கு இவ்வளவு விலை கொடுத்திருக்கிறார்கள்.

அதேபோல 243ஈ. ஐந்து வருடம் என்று சட்டம் சொன்னாலும், தமிழ்நாட்டில் 2016ல் நடக்க வேண்டிய ஊரக உள்ளாட்சித் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. மீதி 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரில் நடந்தது. அதுவரை தனி அலுவலர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று அப்போது நாம் திண்டாடியது நினைவிருக்கும்.

பெண் தலைவர் இருக்கும் ஊரில் அவருடைய கணவர் நாற்காலியில் உட்கார்ந்து ஃபைல் பார்ப்பதையும் நாம் பார்க்கிறோம். குழுவில் பேசிப் பழகிய பெண்கள் பலர் இதை உடைத்து, தானே கையெழுத்துப் போட்டு, தானே அதிகாரியிடம் பேசுகிறார்கள். சட்டம் கதவைத் திறந்துவிடும். உள்ளே நடந்து போவது நாம்தான்.

5. பழைய புத்தகம் கவனம்

அண்ணன் படித்தது, பக்கத்து வீட்டில் கொடுத்தது என்று பழைய கைடு வைத்துப் படிக்கும் பிள்ளைகள் அதிகம். காசு மிச்சம்தான். ஆனால் சில விவரங்கள் மாறியிருக்கும்.

பழைய புத்தகத்தில் கிராம சபை வருடத்துக்கு 4 முறை என்று இருக்கும்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022ல் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும், நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினமும் சேர்ந்து 6 ஆனது.

தமிழ்நாட்டில் 32 மாவட்டம் என்று இருக்கும். 2019ல் ஐந்து மாவட்டங்கள் பிரிந்தன. 2020 டிசம்பரில் மயிலாடுதுறையும் வந்து 38 ஆனது.

இந்தியாவில் 29 மாநிலம் என்று இருக்கும். 2019ல் ஜம்மு காஷ்மீர் யூனியன் பிரதேசமாக மாறியதும் 28 ஆனது.

பெண்கள் இட ஒதுக்கீடு உள்ளாட்சியில் மட்டும் என்று இருக்கும். 2023ல் 106வது திருத்தச் சட்டம், மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று சொன்னது. மக்கள் தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அமலாகும் என்ற நிபந்தனையோடு அது நிறைவேறியது.

அதனால் பள்ளிப் பாடப் புத்தகத்தை அடிப்படையாக வைத்து, தினமும் நாளிதழ் பார்த்துத் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். நடப்பு நிகழ்வு என்று தனியாக ஒன்றும் இல்லை. நேற்று படித்த பாடத்தில் இன்று என்ன மாறியது என்பதுதான் அது.

6. தேர்வு பற்றி அம்மா தெரிந்துகொள்ள வேண்டியது

குரூப் 4க்கு 10ம் வகுப்பு போதும். வி.ஏ.ஓ., இளநிலை உதவியாளர் வேலைகள் அதில் உண்டு. 2025ல் நடந்த தேர்வில் 200 கேள்வி: தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. தப்பான பதிலுக்கு மார்க் குறைப்பு இல்லை.

ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போன்றவற்றுக்கு யு.பி.எஸ்.சி. தேர்வு. ஏதாவது ஒரு பட்டம் வேண்டும், வயது குறைந்தது 21. முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என மூன்று கட்டம். முதல்நிலைக் கேள்வித்தாள் இங்கிலீஷ், இந்தியில்தான் வரும். அங்கே தப்பான பதிலுக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் போய்விடும். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். பெண்களுக்குத் தேர்வுக் கட்டணம் கிடையாது.

திருமணமான மருமகளும் எழுதலாம். வயது, கல்வித் தகுதியை அந்தந்த அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் மூலம் இலவசப் பயிற்சி நடத்துகிறார்கள். நேரில் போய் விசாரிக்கலாம்.

7. குழுவாக நாம் செய்யக்கூடியவை

கூட்டம் முடிந்ததும் 15 நிமிடம் ஒதுக்கி, படிக்கும் ஒரு பிள்ளையை ஒரு பாடம் சொல்லச் சொல்லுங்கள். நமக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரிந்தால் அந்தப் பிள்ளைக்குப் பாடம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்த கிராம சபைக்கு மகளையும் கூட்டிப் போங்கள். வரவு செலவு வாசிப்பதையும் தீர்மானம் எழுதுவதையும் அவர் பார்க்கட்டும்.

புத்தகம், விண்ணப்பச் செலவுக்கு உள்கடன் கேட்டால், "படிப்புக்கா கடன்?" என்று தள்ளாமல், தீர்மானத்தில் வைத்துப் பேசுங்கள். கல்யாணத்துக்குக் கொடுக்கிறோமே.

படிக்கும் பிள்ளைக்குக் காலையில் இரண்டு மணி நேரம், தண்ணீர் எடுக்கும் வேலையும் சாணி அள்ளும் வேலையும் இல்லாமல் கொடுங்கள். அந்த வேலையைத் தம்பியும் செய்யலாம்.

எத்தனை வருடம் படிப்பது என்று மகளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். இரண்டு வருடமோ மூன்று வருடமோ, சொன்ன காலம் வரை மாப்பிள்ளைப் பேச்சு வேண்டாம்.

இந்த மாதக் கேள்விகள்

குழுவில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் பதில் சொல்லுங்கள்.

அ) 73வது திருத்தச் சட்டம் அமலான நாள் எது?
ஆ) ஊராட்சித் தேர்தலில் போட்டியிடக் குறைந்த வயது என்ன?
இ) உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது யார்?
ஈ) பதினோராவது அட்டவணையில் எத்தனை பொருள்கள்?
உ) நம் ஊராட்சியில் கடைசி கிராம சபையில் போட்ட தீர்மானம் என்ன? அதில் எது நடந்தது?

முதல் நான்குக்கு விடை: 1993 ஏப்ரல் 24, 21 வயது, மாநிலத் தேர்தல் ஆணையம், 29. ஐந்தாவது கேள்விக்கு விடை எந்தக் கைடிலும் இருக்காது. ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்டு, தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.