சலவைத் தொழிலாளி மகள் ஆடிய அன்னம்

பாலே என்பது கால்விரல் நுனியில் நின்று ஆடும் ஐரோப்பிய நடனம். அதில் பெரும்பேர் வாங்கிய அன்னா பாவ்லோவா 1881-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். அம்மா துணி துவைத்துப் பிழைத்தவர். அரசு நடனப்பள்ளியில் முதல் தடவை சேர்க்கவில்லை. 1891-ல்தான் இடம் கிடைத்தது.

அவர் பாதம் ஒல்லி, வளைவும் அதிகம். உடம்பு எடை முழுக்கக் கட்டைவிரலில் இறங்கும். நம்ம பாஷையில் சொன்னால் லோடு எல்லாம் ஒரே பாயிண்டில்! சும்மா விடுவாரா? ஷூவுக்குள் கெட்டித் தோல் வைத்து, நுனியைத் தட்டையாக்கித் தாங்க வைத்தார். அது ஏமாற்று என்று சிலர் முணுமுணுத்தார்களாம். எனக்கு நல்ல டிசைனாகத்தான் படுகிறது.

மிகயில் ஃபோகின் அவருக்காக அமைத்த 'சாகும் அன்னம்' சில நிமிட ஆட்டம்தான். அதை உலகமெல்லாம் சுற்றி ஆடினார். கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவியை நம் நாட்டு நடனத்தின் பக்கம் திருப்பிவிட்டதும் இந்த அம்மாதான். 1931 ஜனவரி 23-ல், ஆடப் போன ஊரான ஹேக்கில் இறந்தார், வயது 49.