மஞ்சள் போர்டுக்குப் பூட்டு, வெள்ளை போர்டுக்கு மணி

பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டித் திண்டிவனம் பக்கம் இரண்டு கார்கள் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். ஒரே மாடல், ஒரே எஞ்சின். ஒன்று மஞ்சள் போர்டு, வாடகை வண்டி. இன்னொன்று வெள்ளை போர்டு, சொந்த வண்டி. மஞ்சள் போர்டு வண்டியில் ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் முள் 80-க்கு மேல் ஏறாது. ஸ்பீடு கவர்னர் பிடித்துக்கொள்ளும். வெள்ளை போர்டு வண்டி 80-ஐத் தாண்டினால் நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும். 120-ஐத் தாண்டினால் விடாமல் அடிக்கும். அவ்வளவுதான். பாட்டைச் சத்தமாக வைத்தால் அதுவும் காதில் விழாது.

மனிதன் ஓட்டும் வேகத்தில் இயந்திரம் தலையிடலாமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் இந்த இரண்டு வண்டிகளையும் யாரும் நினைப்பதில்லை. சம்பளத்துக்கு ஓட்டுபவரின் காலை இயந்திரம் எப்போதோ கட்டிவிட்டது. சொந்தக் காரில் போகிறவரிடம் வரும்போதுதான் அது சுதந்திரப் பிரச்சினையாகிவிடுகிறது. அந்தச் சுதந்திரத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் சில நம்பிக்கைகளைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

“வண்டிக்குக் கடிவாளம் போடுவது கம்ப்யூட்டர் காலத்து யோசனை”

இல்லை. அதற்கு நூறு வயதாகிவிட்டது.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 1923-இல் 42,000-க்கும் மேற்பட்டவர்கள் ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். நகரத்தில் ஓடும் ஒவ்வொரு காரிலும் மணிக்கு 25 மைல், அதாவது சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சினை நிறுத்திவிடும் கருவி பொருத்த வேண்டும் என்பது கோரிக்கை. காரில் அடிபட்டுக் குழந்தைகள் சாவதைப் பார்த்துப் பொறுக்க முடியாத ஊரின் கோபம் அது. கார் விற்பவர்கள் விழித்துக்கொண்டார்கள். பணம் திரட்டிப் பிரசாரம் செய்தார்கள். நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் அந்த யோசனை பெரும் வித்தியாசத்தில் தோற்றது. வேகத்தைத் தொட்டால் வியாபாரம் படுக்கும் என்ற பாடத்தை மோட்டார் தொழில் அன்றைக்கே படித்துக்கொண்டது. வண்டி மேல் குற்றமில்லை, குறுக்கே வருகிறவன் மேல்தான் குற்றம் என்ற பேச்சு வலுத்ததும் அந்தப் பத்தாண்டுகளில்தான்.

இப்படிக் கருவி கேட்பதற்கும் முன்னால் வேகத்தை மனிதன்தான் விரட்டிப் பிடித்தான். 1896 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வால்டர் அர்னால்ட் என்பவர் மணிக்கு 8 மைல் வேகத்தில் கார் ஓட்டிப் பிடிபட்டார். அனுமதித்த வேகம் 2 மைல். விரட்டிப் பிடித்த காவலர் வந்தது சைக்கிளில். தண்டம் ஒரு ஷில்லிங், செலவுத் தொகை தனி.

ஜப்பானில் எழுபதுகளின் நடுவிலிருந்து கார்கள் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் மணியடிக்க வேண்டும் என்று விதி இருந்தது. 1986-இல் அதை எடுத்துவிட்டார்கள். ‘இனிஷியல் டி’ கார்ட்டூன் தொடர் பார்த்தவர்களுக்கு அந்தக் ‘கிங்காங்’ சத்தம் நினைவிருக்கும். இந்தியாவில் 2019 ஜூலை முதல் வந்த மணி அதன் தம்பி.

இயந்திரத்தின் தலையீடு எல்லை மீறிய கதையும் உண்டு, மறைப்பானேன்? அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டு மாடல் கார்கள் சீட் பெல்ட் மாட்டினால்தான் ஸ்டார்ட் ஆகும் என்று அரசு வைத்தது. பக்கத்து சீட்டில் காய்கறிப் பையை வைத்தால்கூட ஆள் உட்கார்ந்திருப்பதாக எண்ணி வண்டி அடம்பிடித்தது. மக்கள் கொதித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நாடாளுமன்றமே அந்தப் பூட்டைத் தடை செய்தது. பயன்படுத்துகிறவனை எரிச்சலூட்டும் பாதுகாப்பு நிலைக்காது. நம் ஊர்க்காரர் சட்டம் மாறும்வரை காத்திருக்க மாட்டார், சந்தைக்குப் போய்விடுவார். சீட் பெல்ட் எச்சரிக்கை மணியை ஏமாற்றுவதற்கென்றே ஒரு கொக்கி இணையக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது. 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டுத்தான் அதை அகற்ற வேண்டியிருந்தது.

“ஐரோப்பாவில் காரே பிரேக் போட்டுவிடுகிறது, ஓட்டுநர் வெறும் பொம்மை”

வாட்ஸப்பில் சுற்றும் செய்திகளில் இது ஒன்று. நடப்பது வேறு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலை முதல் புதிதாக அறிமுகமாகும் மாடல்களுக்கும், 2024 ஜூலை முதல் விற்பனையாகும் எல்லாப் புதிய கார்களுக்கும் வேக உதவி அமைப்பு கட்டாயம். முன்கண்ணாடியில் உள்ள கேமரா சாலையோரப் பலகையைப் படிக்கும். வரைபடத் தகவலும் துணைக்கு இருக்கும். அந்தச் சாலைக்கு உரிய வேகத்தைத் தாண்டினால் சத்தம் எழுப்பலாம், அதிர்வு தரலாம், ஆக்ஸிலேட்டர் மிதி காலை மெல்ல எதிர்த்துத் தள்ளலாம், அல்லது எஞ்சின் தானாகத் தணியலாம். இவற்றில் எது என்பது தயாரிப்பாளரின் விருப்பம். எதுவானாலும் ஓட்டுநர் அழுத்தி மிதித்தால் வண்டி அவர் சொன்னபடிதான் கேட்க வேண்டும். அமைப்பை அணைத்தும் வைக்கலாம். ஆனால் அடுத்தமுறை வண்டியைக் கிளப்பும்போது அது மறுபடி விழித்துக்கொள்ளும்.

கேமராவும் தப்புப் பண்ணுகிறது. பக்கத்துப் பிரிவுச் சாலைக்கான பலகையைப் பார்த்து 40 என்கிறது. லாரியின் முதுகில் ஒட்டிய வேக ஸ்டிக்கரைச் சாலை விதி என்று நம்பிவிடுகிறது. புகார்கள் நியாயமானவை. பூட்டு வேண்டாம், தட்டிச் சொன்னால் போதும் என்று சட்டம் நின்றுகொண்டதற்கு இதுவும் காரணம். பிடரியைப் பிடித்து நிறுத்தும் போலீஸ்காரரை அங்கே யாரும் காருக்குள் உட்கார வைக்கவில்லை. “மாமா, இது அறுபதுதான்” என்று பக்கத்து சீட்டிலிருந்து சொல்லும் மருமகன் அளவுக்குத்தான் அந்த அமைப்பு. சொல்வதைக் கேட்பதும் கேட்காததும் மாமாவின் பாடு.

நிஜமான பூட்டைப் பற்றி யோசிப்பது அமெரிக்காதான். வர்ஜீனியா மாநிலம் 2025-இல் இயற்றிய சட்டப்படி, தறிகெட்ட வேகத்தில் ஓட்டித் தண்டனை பெற்றவரின் வண்டிக்கு வேகத் தடுப்புக் கருவி மாட்ட நீதிமன்றம் உத்தரவிடலாம். கலிபோர்னியாவில் சட்டமன்றம் எல்லாப் புதிய கார்களுக்கும் வெறும் எச்சரிக்கை ஒலியைக் கேட்டது. 2024-இல் ஆளுநர் அதற்கும் கையெழுத்துப் போடவில்லை.

“வேகம் கொல்வதில்லை, ஓட்டத் தெரியாதவன்தான் கொல்கிறான்”

இருப்பதிலேயே பிடிவாதமான நம்பிக்கை இது. நல்ல ஓட்டுநர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள் என்பது வேடிக்கை.

ஒரு தெரு. 28 மீட்டர் தூரத்தில் பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை ஓடிவருகிறது. உலர்ந்த சாலை, நல்ல பிரேக். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி. 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்த கார் அந்த ஒரு நொடியில் 14 மீட்டர் ஓடிவிடும். பிறகு பிரேக் பிடித்து இன்னொரு 14 மீட்டரில் நிற்கும். குழந்தையின் சட்டையில் தூசிகூடப் படாது. இப்போது அதே கார், அதே ஓட்டுநர், வேகம் மட்டும் 60. அந்த ஒரு நொடியிலேயே 17 மீட்டர் போய்விட்டது. மிச்சமிருப்பது 11 மீட்டர். குழந்தையைத் தொடும்போது வண்டி இன்னும் 40 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும்.

ஏறியது பத்து, அடி நாற்பது. ஓட்டுநரின் திறமை இரண்டு கணக்கிலும் ஒன்றுதான்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 கிலோமீட்டர் வரம்புள்ள சாலைகளில் விபத்துக்குள்ளான கார்களையும், அதே இடத்தில் ஒழுங்காகப் போன கார்களையும் ஒப்பிட்டு 1997-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 60-க்கு மேல் ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும், ஆள் காயப்படும் விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரட்டிக்கிறது. 65-இல் போகிறவர் தன்னை வேகமாகப் போகிறவராக நினைப்பதே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கும் இதே பக்கம்தான்: சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடுகிறது.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். பத்தில் ஏழு சாவுக்கு அதிவேகம் காரணம் என்று ஒன்றிய போக்குவரத்து அமைச்சகம் பதிந்திருக்கிறது. நம் ஊர் முதல் தகவல் அறிக்கைகளில் வேறு காரணம் எழுதத் தோன்றாதபோதும் ‘அதிவேகம்’ என்றுதான் எழுதுகிறார்கள் என்பதால் இந்த எண்ணில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். பாதியைக் கழித்தாலும் மிச்சம் பயங்கரம். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

“வளைவில்தான் ஆபத்து, நேர் ரோட்டில் என்ன பயம்?”

ஒன்றிய அமைச்சகத்தின் அதே 2022 கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு விபத்துகள் நடந்தது நேரான சாலைகளில். நேர் ரோடுதான் காலை அழுத்தச் சொல்கிறது.

சாலையும் எஞ்சினும் மேம்பட்டுவிட்டதால் வேகத்தைக் கூட்டலாம் என்பது ஒன்றிய அரசே நம்பிய வாதம். 2018 ஏப்ரலில் விரைவுச்சாலைகளில் கார்களுக்கு 120 கிலோமீட்டர் வரை அனுமதி கொடுத்தது. காஞ்சிபுரம் அருகே விபத்தில் சிக்கி உடல் செயலிழந்த பல் மருத்துவர் ஒருவரின் இழப்பீட்டு வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம், 2021-இல் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. எஞ்சின் மேம்பட்டிருக்கலாம், சாலை விதியை மதிக்கும் பழக்கம் மேம்படவில்லையே என்பது நீதிபதிகள் சொன்னதன் சாரம். தொலைதூரப் பயணத்தில் இந்த வேகத்தால் மிச்சமாவது எவ்வளவு? 100 கிலோமீட்டர் தூரத்தை 100-இல் ஓட்டினால் ஒரு மணி நேரம். 120-இல் ஓட்டினால் 50 நிமிடம். வழியில் ஒரு டீ குடித்தால் கணக்கு சரியாகிவிடும். மோதும்போது வண்டியின் ஆற்றல் மட்டும் 44 சதவீதம் கூடியிருக்கும்.

“ஜெர்மனியில் வரம்பே இல்லை, அங்கே எல்லோரும் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?”

அந்நாட்டு விரைவுச்சாலையான ஆட்டோபான் முழுவதும் வரம்பில்லாதது அல்ல. சுமார் 70 சதவீத நீளத்துக்குத்தான் நிலையான வரம்பு கிடையாது. மீதியில் பலகை உண்டு, கேமரா உண்டு. வரம்பில்லாத இடத்திலும் 130-க்குள் போகும்படி 1978 முதல் பரிந்துரை இருக்கிறது. அது வெறும் அறிவுரையல்ல. 130-ஐத் தாண்டிப் போனவர் விபத்தில் சிக்கினால், தவறு எதிராளியுடையதாக இருந்தாலும் இழப்பில் இவரும் பங்கு ஏற்க வேண்டியிருக்கும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1992-இல் சொல்லிவிட்டது. ஊருக்குள் வந்தால் 50 தான். இன்னொன்று: எண்பதுகளின் இறுதியில் பெரிய ஜெர்மன் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு கார்களுக்கு 250 கிலோமீட்டரில் மின்னணு வேலி போட்டுக்கொண்டன. ஸ்வீடனின் வால்வோ 2020-இல் தன் கார்களை 180-இல் நிறுத்தியது. வேகத்தை விற்கிறவர்களே வேலி போடத் தயங்கவில்லை.

“ஓவர்டேக் பண்ணும்போது வேகம்தான் உயிரைக் காக்கும்”

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பூட்டுப் போட்ட லாரி, பூட்டுப் போட்ட இன்னொரு லாரியை முந்தப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை நான்கு வழிச்சாலையில் போகிற யாரும் அறிவார்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஊர்ந்து, பின்னால் ஒரு ஊர்வலமே சேர்ந்துவிடும். லாரிகளுக்கு 90-இல் பூட்டுள்ள ஜெர்மனியில் இதை ‘யானைப் பந்தயம்’ என்றே அழைக்கிறார்கள். முந்துகிறவருக்கு ஐந்தாறு நொடி கூடுதல் வேகம் தேவைப்படுவது உண்டு. ஐரோப்பியக் காரில் அழுத்தி மிதித்தால் அது கிடைக்கும். மஞ்சள் போர்டு ஓட்டுநருக்குக் கிடைக்காது. பூட்டு எதிர்ப்பு வாதத்தை உண்மையில் பேச வேண்டியவர் அவர்தான். அவரிடம் யாரும் கேட்கவில்லை. விளைவு, எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுச் சோதனை முடிந்ததும் கவர்னரின் ஒயரைக் கழற்றிவிடும் வழக்கம்.

“மணி அடிக்கவில்லை, ஆகவே வேகம் சரி”

புதிய கார் வாங்கியவர்களிடம் பரவிவரும் நம்பிக்கை. அந்த மணிக்குச் சாலை தெரியாது. பள்ளிக்கூட வாசலா, விரைவுச்சாலையா என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது 80, 120 என்ற இரண்டே எண்கள். கவர்னரின் குறையும் இதேதான்: நான்கு வழிச்சாலையில் காலைக் கட்டிப்போடும் கருவி, குறுகலான கடைத்தெருவில் 79 வரை வாய்திறக்காது.

ஆகவே மஞ்சள் போர்டின் பூட்டை வெள்ளை போர்டுக்கும் மாட்டுவது தீர்வாகாது. சாலையைப் படிக்கத் தெரிந்த, தட்டிச் சொல்கிற, அவசரத்துக்கு வழிவிடுகிற அமைப்பை இரண்டு போர்டுக்கும் ஒன்றாக வைப்பதுதான் நியாயம். அதற்கு முதலில் சாலையோரத்தில் படிக்கிற மாதிரி பலகை வேண்டும். சினிமா போஸ்டர் ஒட்டாத பலகை.

அதுவரை ஒரு கணக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தபடி சென்னைக்குள் காருக்கு உரிய வேகம் 60, குடியிருப்புத் தெருக்களில் 30. உங்கள் காரின் மணி முதல்முறையாக வாய்திறப்பது 80-இல்.