லாரி இன்ஜின் 'திடீரென்று' நிற்பது ஏன்?

 

பழைய லாரியை நம்பி வாழும் குடும்பங்கள் நம் ஜமாஅத்தில் பல உண்டு. ஐந்தாறு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி நடுவழியில் இன்ஜின் பிடித்து நின்றால், வருமானம் போவதோடு வட்டிக்குக் கடன் வாங்கும் நிலையும் வந்துவிடுகிறது. "நல்லாத்தான் ஓடிச்சு, திடீர்னு நின்னுடுச்சு" என்றே பலரும் சொல்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் இன்ஜின் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் நிற்கிறது.

முதலில் ஆயிலைப் பார்ப்போம். ஓடும் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட், பேரிங்கின் மேல் நேரடியாக உரசுவதில்லை. மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி சுழல்கிறது. வண்டிக்கு வயதாக ஆகப் பேரிங் தேய்ந்து, இடைவெளி கூடி, ஆயில் அழுத்தம் குறையும். இன்ஜின் சூடேறிய பிறகு, நின்ற இடத்தில் ஓடும்போது ஆயில் விளக்கு மினுக்குவது இதன் ஆரம்ப அறிகுறி. ஓட்டத்தில் அந்த விளக்கு எரிந்தால், 'அடுத்த ஊர் வரைக்கும் போய்விடலாம்' என்ற எண்ணமே கூடாது. சில நிமிடங்களில் பேரிங் கிராங்கோடு ஒட்டிக்கொள்ளும். கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கையே துளைத்துவிடவும் கூடும். உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தால், பேரிங் செலவோடு தப்பிக்க வாய்ப்புண்டு.

தினமும் காலையில் ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஆயில் குறைந்தால் எல்லோரும் கவலைப்படுகிறோம். கூடினால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஊற்றாமலே ஆயில் கூடுவது பரக்கத் அல்ல! டீசலோ தண்ணீரோ கலக்கிறது. டீ போல நிறம் வெளுத்தால் தண்ணீர் என்று அறியலாம். அப்படிப்பட்ட வண்டியை லோடு ஏற்ற அனுப்பாதீர்கள்.

அடுத்து ரேடியேட்டர். போர் தண்ணீரையே ஊற்றிவந்தால் உள்ளே உப்புப் படிந்து வழி அடைபடும். கூலன்ட் சூட்டைத் தணிப்பதோடு, லைனர் அரிப்பையும் தடுக்கிறது. அதில் சிக்கனம் வேண்டாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுவதும் கொட்டிவிட்டால், சூடு காட்டும் முள் ஏறாமலே இருக்கலாம். சென்சார் தண்ணீரின் சூட்டை அளப்பதற்காக வைத்தது. தண்ணீரே இல்லாதபோது அதை நம்ப முடியாது. முள்ளை நம்பி ஓட்டினால் பிஸ்டன் லைனரில் பிடித்துக்கொள்ளும். கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும்.

டர்போ உள்ள வண்டியில் நீலப் புகை வந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆயில் சீல் போனால் இன்ஜின் தன் ஆயிலையே எரித்து, சாவியை அணைத்த பிறகும் கட்டுக்கடங்காமல் ஓடும் ஆபத்து இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுக்காரரோ மகனோ போன் செய்து, "விளக்கு எரியுது, ஓரமா நிறுத்திட்டேன்" என்றால், "மெதுவா ஓட்டிக்கிட்டு வந்துடுங்க, நாளைக்குத் தவணை கட்டணும்" என்று சொல்லிவிடாதீர்கள். மெக்கானிக் வந்து பார்க்கும்வரை வண்டி அங்கேயே நிற்கட்டும்.