கூரைக்குக் கீழே ஒரு பிள்ளை

உப்பூரில் வெயிலுகந்த விநாயகரைக் கும்பிட்டுவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த தம்பி போனை நீட்டினார். திரையில் ஒற்றைச் சீன எழுத்து. மேலே கூரை, கீழே கைவிரித்த பிள்ளை. 'ட்ஸு' என்று படிக்கவேண்டும். 'எழுத்து' என்று பொருள்.

"பிள்ளை வீட்டுல உக்காந்து படிக்குது, அதான் எழுத்து. எப்படி யோசிச்சிருக்காங்க பாத்தீங்களாண்ணே!"

யோசித்தவர் அதை வாட்ஸ்அப்பில் ஏற்றிவிட்ட புண்ணியவான்.

கூரையும் பிள்ளையும் சரிதான். படிப்பு மட்டும் இடைச்செருகல். அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் பிள்ளை பெறுவது, பாலூட்டி வளர்ப்பது. கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் தொகுத்த 'ஷுவோவென் ஜியெட்ஸு' அகராதி இப்படித்தான் பொருள் சொல்கிறது. 9,353 எழுத்துகளைப் பிரித்து விளக்கிய நூல் அது. அப்படியானால் பிள்ளைப்பேறு எப்படி எழுத்தானது? முன்னுரையில் அவரே சொல்கிறார்: தனி உருவாக நிற்பது 'வென்', அவை ஒன்றோடொன்று கூடிப் பெற்றுப் பெருகியவை 'ட்ஸு'. நூலின் பெயரிலேயே இரண்டும் இருக்கின்றன. நமக்கும் இது புதிதில்லை. 12 உயிரும் 18 மெய்யும் கூடி 216 உயிர்மெய். ஒலிகள் பிறக்கும் விதத்தைச் சொல்லும் இயலுக்குத் தொல்காப்பியம் வைத்த பெயரும் பிறப்பியல்தான்.

இன்னொன்று. அந்தப் பிள்ளை அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பிள்ளையைக் குறிக்கும் சொல்லும் கிட்டத்தட்ட 'ட்ஸு'தான். எழுத்துக்கு ஓசை கொடுப்பதும் அவன் வேலை.

சீன எழுத்தெல்லாம் படம் என்ற நம்பிக்கை இங்கேதான் அடிவாங்குகிறது. பெரும்பாலானவற்றில் ஒரு பாதி பொருளைக் காட்டும், மறுபாதி ஓசையை. அம்மாவைக் குறிக்கும் 'மா' எழுத்தில் பெண்ணும் குதிரையும் சேர்ந்து நிற்பார்கள். குதிரைக்கும் சீனத்தில் 'மா' என்றே பெயர், தொனி மட்டும் வேறு. அம்மா குதிரைபோல் உழைக்கிறாள் என்று யாராவது இந்நேரம் அனுப்பியிருப்பார்கள்.

"சரிண்ணே, அந்த எழுத்துக்கும் நமக்கும் என்ன இருக்கு?" என்றார் தம்பி.

உப்பூர் இருக்கும் இதே மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் அகழ்ந்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. சீனத்துச் சுவான்சோவில் 1281-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு: சிவனுக்குத் திருமேனி எழுந்தருளுவித்ததைச் சொல்லும் தமிழ் வரிகள், அவற்றுக்கு அடியில் ஒரு சீன வரி. 1409-இல் சீனக் கடற்தளபதி செங் ஹவின் கப்பற்படை காலத்தில் பொறித்த கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உண்டு. தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனார் என்னும் தெய்வத்தைப் போற்றுகிறது. அந்தக் கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1911-இல் இலங்கையின் காலி நகரில் கண்டெடுத்தபோது அது வாய்க்கால் மூடியாகக் கிடந்தது.