பூட்டுக்கு வெளியே ஒரு ஜிபி

அன்புள்ள வாசகருக்கு,

விண்டோஸை வைத்துக்கொண்டே அதே டிஸ்க்கில் டெபியனைக் குறியாக்கத்தோடு நிறுவப் பார்த்ததாகவும், பார்ட்டிஷன் கட்டத்தைத் தாண்ட முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். ரூட்டைக் குறியாக்கினால் ‘பூட்’ பார்ட்டிஷன் தனியாக வேண்டும் என்று நிறுவி சொன்னதைக் கோளாறு என்று நினைத்துவிட்டீர்கள். அது சொன்னது சரிதான்.

கணினியை இயக்கியதும் ஃபர்ம்வேர், ஃபேட்32 வடிவிலுள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனைத்தான் படிக்கிறது. அங்கிருந்து கிரப் என்ற தொடக்க ஏற்றி எழுந்து, கெர்னலையும், இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு தொடக்கக் கோப்பு முறைமையையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. உங்களிடம் கடவுத்தொடர் கேட்டு, லக்ஸ் என்ற குறியாக்கப் பூட்டைத் திறப்பது இந்த இனிட்ராம்எஃப்எஸ். அதையும் பூட்டுக்குள் வைத்தால், சாவியைப் பெட்டியில் போட்டுப் பெட்டியைப் பூட்டிய கதைதான். கிரப்பே லக்ஸைத் திறக்கும் என்று சிலர் சொல்வார்கள். ஓரளவு உண்மை. ஆனால் லக்ஸை அமைக்கும் கருவியான கிரிப்ட்செட்டப், 2019 முதல் இயல்பாக உருவாக்குவது லக்ஸ்2; அதன் சாவி ஆர்கான்2 முறையில் உருவாகிறது. 2021-இல் வந்த கிரப் 2.06, லக்ஸ்2-ஐத் திறந்தாலும் பழைய பிபிகேடிஎஃப்2 முறைச் சாவியை மட்டுமே ஏற்கும். முதல்முறை நிறுவுகிற உங்களுக்கு அந்தச் சுற்றுவழி வேண்டாம். கெர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் இருக்கும் ‘பூட்’ பார்ட்டிஷனுக்குப் பூட்டுக்கு வெளியே 1 ஜிபி ஒதுக்கிவிடுங்கள். அதற்கும் குறைத்தால், கெர்னல் புதுப்பிப்புகள் சேரச் சேர இடம் நிரம்பி, ஒருநாள் புதுப்பிப்பு பாதியில் நிற்கலாம்.

‘முழு டிஸ்க், குறியாக்கிய எல்விஎம்’ என்ற தயார் வழியைத் தொடவே தொடாதீர்கள். விண்டோஸ் உட்பட எல்லாவற்றையும் அழித்துவிடும். விண்டோஸுக்குள்ளிருந்தே அதன் பார்ட்டிஷனைச் சுருக்குங்கள். விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கம் இருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலில் எடுத்து வையுங்கள். பிறகு நிறுவியில் கைமுறை வழிக்குப் போய், காலி இடத்தில் ‘பூட்’டுக்கு எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் ஒன்றைப் போட்டு, மீதி முழுவதையும் குறியாக்கத்துக்கான பார்ட்டிஷனாகக் குறியுங்கள். இருக்கிற இஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யாமல் அப்படியே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

பலர் தடுமாறுவது அடுத்த படியில்தான். குறியாக்கத்தை அமைத்ததும் பட்டியலில் புதிதாக ஒரு டிஸ்க் தெரியும். இடத்தைப் பிரித்துத்தரும் எல்விஎம் அடுக்கை அதன் மேல் கட்ட வேண்டும். ரூட், ஸ்வாப், ஹோம் மூன்றையும் அதற்குள் பிரிக்க வேண்டும். ஸ்வாப்பை வெளியே விட்டால் நினைவகத்தில் இருந்த ரகசியங்கள் அப்படியே டிஸ்க்கில் எழுதப்படும். டெபியன் நிறுவியும் அதை அனுமதிக்காது. இன்னொன்று: குறியாக்கத்தை அமைக்கும்போது, மாற்றங்களை எழுதலாமா என்று நிறுவி இடையிலேயே கேட்கும். சம்மதித்தால் அந்த நொடியே டிஸ்க்கில் எழுதிவிடும். அளவுகளை அதற்கு முன்பே சரிபாருங்கள்.

கடவுத்தொடரைத் தமிழ் எழுத்தில் வைக்க ஆசை வரலாம். தொடக்கத் திரையில் தமிழ் விசைப்பலகை இருக்காது என்பதால், தமிழ்ச் சொற்களையே ரோமன் எழுத்தில் நீளமாக வையுங்கள். மறந்தால் மீட்டுத்தர ஒருவராலும் முடியாது.

நிறுவி முடித்த அன்றே லக்ஸ் தலைப்பகுதியை வேறொரு பென்டிரைவில் நகலெடுங்கள். அந்தச் சில மெகாபைட் சிதைந்தால், சரியான கடவுத்தொடர் கையில் இருந்தும் தரவு திரும்பாது. உங்கள் கோப்புகளின் நகலை மட்டும், நிறுவியைத் தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்