கம்ப்யூட்டர் அணைய ஏன் தாமதம்?

ஷட் டவுன் கொடுத்தும் கம்ப்யூட்டர் அணையாவிட்டால், "பிளக்கைப் பிடுங்கிடட்டுமாப்பா?" என்பார் எங்கப்பா. சீட்டுப் பணத்தில் அவர் வாங்கித் தந்த பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர் அது. பிடுங்கவே கூடாது! நினைவகத்தில் மிச்சமிருப்பது டிஸ்க்கில் எழுதப்படும் நேரம் அதுதான். பிடுங்கினால் நம்ம புராஜெக்ட் ஃபைலே கெட்டுப்போகலாம்.

காரணத்தைத் தேடுவோம்.

1. திறந்திருக்கும் புரோகிராம்களை மூடிவிட்டு அணைத்துப் பாருங்கள். சட்டென்று அணைந்தால் அவற்றில் ஒன்றுதான் குற்றவாளி.

2. ஈவென்ட் வியூவரில் 'டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ்' பதிவேட்டைத் திறங்கள். எண் 200-ல், அணைய எடுத்த நேரம் மில்லிசெகண்டில் இருக்கும். 40000 என்றால் 40 வினாடி. தாமதப்படுத்தியது புரோகிராம் என்றால் எண் 201, கருவி என்றால் 202, சர்வீஸ் என்றால் 203. எங்கள் வீட்டில் 203-ல் சிக்கியது, முன்பு வைத்திருந்தவர் விட்டுப்போன பிரின்டர் சர்வீஸ்! நீக்கியதும் சரியாயிற்று.

3. ரெஜிஸ்ட்ரியில் 'கிளியர் பேஜ்ஃபைல் அட் ஷட்டவுன்' 1 என்றிருந்தால், பேஜ்ஃபைல் முழுக்கப் பூஜ்யம் எழுதிய பிறகே அணையும். வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பெரும்பாலும் 0 போதும்.

ஒன்று மட்டும் மறக்காதீங்க: ரெஜிஸ்ட்ரியில் கை வைக்குமுன் பேக்கப் எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். அப்போதுதான் எது காரணம் என்று தெரியும்.