ஜெபக்குழுவுக்குப் புதிதாய் வரும் மகளுக்கு

1. முதலில் கேட்கப் பழகு, மகளே. வந்த அன்றே வாய்விட்டு ஜெபிக்க வேண்டுமோ என்று பயப்படாதே. சீஷர்களே இயேசு ஜெபிப்பதைப் பார்த்த பிறகுதான் தங்களுக்கும் கற்றுத்தரும்படி அவரிடம் கேட்டார்கள். எங்கள் தெரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி இருந்தார். ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லி, அந்த வீட்டுக் கடன், மகளின் பிரசவம், மாட்டின் சீக்கு வரை ஆண்டவரிடம் சொல்லுவார். ஜெபிக்க நான் கற்றது அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான்.

2. அழகாக ஜெபிக்க முயலாதே. பிறர் காது கேட்கிறதென்றால் நாக்கு தானாக அலங்காரம் தேடும். திக்கித் திணறிச் சொன்னாலும் உள்ளதைச் சொல்.

3. உன் பாரத்தை மறைக்காதே. தலை போகும் ஆபத்து வந்தபோது தானியேல் வீட்டுக்குப் போய்த் தன் தோழர் மூவரிடம் சொன்னான். அவர்களும் சேர்ந்து தேவனிடம் இரக்கம் கேட்டார்கள். கெத்செமனேயில் ஆண்டவரே மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் தூங்கிவிட்டார்கள், உண்மைதான். அதற்காக அவர் அவர்களைத் தள்ளிவிடவில்லை. உன் குழுவிலும் தூங்குகிறவர்கள் இருப்பார்கள், பொறுத்துக்கொள்.

4. இதை நான் அழுத்திச் சொல்வேன்: ஜெபத்தில் கேட்டது ஜெபத்தோடு நிற்கட்டும். ஒரு சகோதரி தன் கணவனின் குடியைப் பற்றி எங்கள் நடுவில் அழுது சொன்னாள். ஞாயிறு ஆராதனைக்கு முன்பே அது கோயில் வாசலில் பேச்சாகிவிட்டது. பரப்பியவர்கள் அதை ‘ஜெபக்குறிப்பு’ என்றே சொன்னார்கள். அவள் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பிள்ளையின் பரீட்சை, பிரயாணம், தலைவலி தவிர வேறு எதற்காகவும் ஜெபம் கேட்டதில்லை. மற்றவர்களும் மெல்ல அப்படியே ஆனார்கள். உண்மையைச் சொல்லப் பயப்படுகிற கூட்டத்தில் ஜெபம் வளராது. ஒருவர் மனதைத் திறந்து பேசினால், நீ அதைச் சொல்லத்தக்கவர் ஆண்டவர் ஒருவரே.

5. உன் வாசலைத் தாண்டி ஜெபி. தனியே முழங்காலிட்டால் நம் வேண்டுதல் நம் வீட்டையே சுற்றிவரும். பக்கத்தில் இருப்பவர்தான் அதை அகலப்படுத்துகிறார். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் சச்சரவு தீர்ந்து ஒப்புரவான விசுவாசிகள் 1727-இல் 24 ஆண்களும் 24 பெண்களுமாக மணிநேரங்களைப் பங்கிட்டு, இரவும் பகலும் ஜெபிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சங்கிலி ஜெபம் நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1732 முதல் அந்தச் சிறிய ஊரிலிருந்து மிஷனெரிகள் புறப்பட்டார்கள். 1760-இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள். பின்னாளில் தமிழ்நாட்டிலிருந்து வட இந்தியாவுக்கு மிஷனெரிகளை அனுப்பிய நண்பர் சுவிசேஷ ஜெபக்குழுவும் 1959-இல் சிறு சிறு ஜெபக்குழுக்களாகத்தான் தொடங்கியது. சண்டை தீர்ந்த பிறகே ஹெர்ன்ஹூட்டில் ஜெபம் பற்றிக்கொண்டது என்பதை மறக்காதே. உன் குழுவில் யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் முதலில் அவர் வீட்டுக்குப் போ.

6. ஜெபம் வராத நாளிலும் போ. என் வீட்டுக்காரர் காலமான பிறகு பல மாதம் எனக்கு ஒரு வார்த்தைகூட எழும்பவில்லை. குழுவின் பெண்கள் சாயங்காலம் வந்து உட்கார்ந்து, அவர்களே ஜெபித்துவிட்டுப் போவார்கள். என்னை ஜெபிக்கச் சொல்லவுமில்லை, ஆறுதல் பிரசங்கம் செய்யவுமில்லை. மோசேயின் கைகள் தளர்ந்தபோது ஆரோனும் ஊர் என்பவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்ததை வேதத்தில் வாசித்திருந்தேன். அந்த மாதங்களில்தான் அது எனக்கு விளங்கியது.

7. கூட்டம் இருக்கிறதே என்று உன் தனியறையை விட்டுவிடாதே. ஆண்டவர் இருட்டோடே எழுந்து தனியிடத்துக்குப் போனார். பிறகு ஜனங்களிடம் திரும்பிவந்தார். உனக்கும் இரண்டும் வேண்டும்.

இந்த வாரக் கூட்டத்துக்குக் கட்டாயம் வா, மகளே. யாருமே ஜெபிக்காத ஒருவரின் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு வா. எல்லாரும் சேர்ந்து அவருக்காக ஜெபிப்போம்.